பட்டணத்துக்குக் குடிவந்த பறவைகள்

பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? விழுப்புரத்துக்கு வடமேற்கே, செஞ்சிப் பக்கம், ஏரியை ஒட்டி ஒரு சிறு குன்று. அதன் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். வயது ஏறக்குறைய 1300. அங்கே ஒரு சுவரில், காலம் தின்றது போக மிச்சமிருக்கும் அம்பிகையின் ஓவியத்தைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். ஊரின் பெயரிலேயே பனை இருக்கிறது, பாருங்கள்.

இந்த மாதிரி ஊர்களுக்குப் போகிறவர்கள், சுவாமியைக் கும்பிட்ட கையோடு கொஞ்சம் அண்ணாந்து வானத்தையும் பார்க்க வேண்டும். அரிவாள் போல வளைந்த இறக்கையோடு, ஒரு நிமிஷம்கூட நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் சின்னப் பறவைக்கு உழவாரன் என்று பெயர். நம் பக்கத்தில் இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, பனை உழவாரன். பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலாலேயே ஒட்டிக் கூடு கட்டும். பனை மாதிரி மரங்கள் இல்லாவிட்டால் அதற்கு வீடு இல்லை. இன்னொன்று, நாட்டு உழவாரன். இடுப்பில் வெள்ளைப் பட்டை தெரியும். பழைய மண்டபம், கோட்டை, பாலத்தின் அடிப்பக்கம், உயரமான கட்டடம் என்று எங்கே வேண்டுமானாலும் கூட்டமாகக் குடியேறிவிடும். தலைக்கு மேலே விதானம் இருந்தால் சரி. அதைப் பல்லவன் கட்டினானா, பொதுப்பணித் துறை கட்டியதா என்று அது விசாரிப்பதில்லை!

ஒரே குடும்பத்துப் பெண்கள்தான். ஆனால் பனையை வெட்டி மனை போட்டால் ஒருத்தி ஊரை விட்டே போய்விடுகிறாள். மற்றவள் புதுப் பாலத்தடியில் குடித்தனம் ஆரம்பித்துவிடுகிறாள். பட்டணத்து வாழ்க்கை பறவைகளை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கதை கிடையாது.

"வீட்டு விஷயம் எழுதுகிற பக்கத்தில் பறவை ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பட்டணத்தில் பறவையின் பழக்கவழக்கங்களை மாற்றுபவை நம் பால்கனி, நம் மொட்டைமாடி, நாம் கொட்டுகிற சோறு, அணைக்க மறந்த விளக்கு ஆகியவைதான். வீட்டை நடத்துகிறவர்கள் கையில் இருக்கும் சமாசாரங்கள் இவை. நமக்குத் தெரியாமலே நாம் அவற்றுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அத்தை கேட்ட கேள்வி

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்குப் பனமலைப் பக்கம் ஒரு கிராமம். பேரன் பிறந்த வீட்டுக்கு ஒத்தாசையாக வந்து, மூன்றாவது மாடியில் தங்கியிருக்கிறார். வந்த மறுநாள் காலையிலேயே பேச்சு இப்படிப் போயிருக்கிறது:

"ஏம்மா, உங்க வீட்டாண்ட குருவியே வராதா?"

"புறா வருதே அத்தை. பால்கனி முழுக்க அதுதானே."

"புறா கெடக்கட்டும். நான் கேக்கறது குருவி. மொறத்துல அரிசி பொடைச்சா காலடிக்கே வந்து பொறுக்குமே, அது."

"இங்கே யாரு அத்தை அரிசி புடைக்கிறா? பாக்கெட்டுல வர்றதைக் கழுவி அப்படியே உலையில போட்டுடறேன்."

"அதான் வரல," என்று முடித்துவிட்டாராம் மாமியார்.

பாதிக் காரணத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார் அந்த அம்மாள். மீதிப் பாதியை நாம் பார்ப்போம். முதலில், பட்டணத்தில் பிழைக்கக் கற்றுக்கொண்ட பறவைகள் என்னென்ன கற்றுக்கொண்டன என்று பார்க்கலாம்.

குரலை மாற்றிய பறவைகள்

பஸ் ஸ்டாண்டில் குழந்தை கையை விட்டு ஓடினால் எப்படிக் கூப்பிடுவீர்கள்? வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலிலா? கீச்சென்று உச்சஸ்தாயியில் அல்லவா கத்துவோம்! லாரி, பஸ் உறுமல் எல்லாம் கீழ்ஸ்தாயிச் சத்தம். அதற்கு மேலே போனால்தான் நம் குரல் எடுபடும்.

பறவைகளும் இதையேதான் செய்கின்றன. ஹாலந்து தேசத்தில் லைடன் நகரத்துப் பட்டாணிக்குருவிகளின் பாட்டைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். வாகன இரைச்சல் அதிகமான தெருக்களில் உள்ளவை, அமைதியான தெருக்களில் உள்ளவற்றைவிட உயர்ந்த சுருதியில் பாடின. 2003ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. ஆண் பறவை பாடுவது பொழுதுபோக்குக்கு அல்ல. "இது என் இடம்" என்று மற்ற ஆண்களுக்குச் சொல்லவும், துணையை அழைக்கவும்தான். பாட்டு காதில் விழாவிட்டால் கல்யாணமே நடக்காது!

2020ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இதற்கு மறுபக்கமும் தெரிந்தது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வெண்கொண்டைச் சிட்டு ஒன்று உண்டு. கார்கள் நின்றதும் அது தொண்டையைத் தணித்துக்கொண்டு, மெதுவாக, கீழ்ஸ்தாயி வரை இறங்கிப் பாடியது. மெதுவாகப் பாடியும் முன்னைவிட அதிக தூரம் கேட்டது! அந்தச் சமயத்தில் நம் ஊர்களிலும், "இத்தனை பறவைகள் எங்கிருந்து வந்தன?" என்று பலர் அதிசயப்பட்டார்கள். பறவைகள் புதிதாக வந்துவிடவில்லை. நம் இரைச்சல் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

விளக்கு ஏமாற்றும் கடிகாரம்

பறவைக்குக் கடிகாரமும் வெளிச்சம்தான், காலண்டரும் வெளிச்சம்தான். பொழுது விடிவதையும், பகல் நீள்வதையும் வைத்துத்தான் எப்போது பாடுவது, எப்போது முட்டையிடுவது என்று அதன் உடம்பு முடிவு செய்கிறது.

தெருவிளக்கு இந்தக் கணக்கைக் குழப்பிவிடுகிறது. ஜெர்மனியில் பிளாக்பேர்ட் என்ற கறுப்புப் பாட்டுப் பறவையை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2013ல் வெளிவந்தது. ராத்திரியில் 0.3 லக்ஸ் வெளிச்சம், அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவு அளவுதான், தொடர்ந்து பட்டது. அதற்கே அந்த ஆண் பறவைகள் ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டன. வசந்தம் வந்துவிட்டது என்று உடம்பு ஏமாந்துவிட்டது!

முந்தினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். குஞ்சு பொரிக்கிற நேரமும் புழுப்பூச்சி பெருகுகிற நேரமும் ஒத்துவர வேண்டும். புழுவுக்குத் தெருவிளக்குக் காலண்டர் கிடையாது. கணக்குத் தப்பினால் பசித்த வாய்க்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஹேங்கரில் வீடு, சிகரெட்டில் மருந்து

கூடு கட்டும் சாமான்களிலும் பட்டணம் புகுந்துவிட்டது. நம் ஊர்க் காக்கை சுள்ளியோடு கம்பித்துண்டுகளையும் சேர்த்து முடைகிறது. ஜப்பானில் டோக்கியோ நகரத்துக் காக்கைகள் பால்கனியில் காயும் துணியைத் தள்ளிவிட்டு, ஹேங்கரைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டுகின்றன. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு நம் துணிக்கொடியிலும் மின்சார ஒயரிலும் சுருக்குப் பை மாதிரி தன் கூட்டைத் தொங்கவிடுகிறது. தொட்டியில் வளரும் செடியின் இலையைத் தைக்கிற தையல்சிட்டு, மரப்பஞ்சு கிடைக்காத இடத்தில் நம் வீட்டு நூல்துண்டை எடுத்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும்விட ஆச்சரியம், மெக்ஸிகோ நகரத்துச் செய்தி. அங்கே சிட்டுக்குருவிகள் பிடித்துப் போட்ட சிகரெட் துண்டின் பஞ்சைப் பிய்த்துக் கூட்டில் வைக்கின்றன. பஞ்சு எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாக அந்தக் கூட்டில் உண்ணி இருந்தது. புகையிலை நஞ்சு உண்ணியை விரட்டுகிறது. நாம் அரிசி டப்பாவில் வேப்பிலை போடுவதில்லையா, அந்த மாதிரி. ஆனால் பிறகு நடந்த ஆராய்ச்சியில், இப்படிப் பஞ்சு வைத்த கூடுகளில் வளர்ந்த குஞ்சுகளின் ரத்த அணுக்களில் கோளாறு தெரிந்தது. உண்ணியைக் கொன்ற நஞ்சு குஞ்சையும் தொட்டிருக்கிறது.

இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பட்டணத்தில் பறவை கற்கும் சாமர்த்தியத்துக்கெல்லாம் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைப் பெரும்பாலும் குஞ்சுதான் கொடுக்கிறது.

நம் வீட்டு வாசலில் நடக்கும் பள்ளிக்கூடம்

சாப்பாட்டு விஷயத்தில் இவை படித்த பாடங்கள் வேடிக்கையானவை. இங்கிலாந்தில் வாசற்படியில் பால் பாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். நீலப் பட்டாணிக்குருவிகள் மூடியைக் கொத்தித் திறந்து மேலே மிதக்கும் ஆடையைச் சாப்பிடக் கற்றுக்கொண்டன. முதல் தகவல் 1921ல் ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. பிறகு நாடு முழுவதும் அதே கதை!

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் மஞ்சள் கொண்டை வைத்த பெரிய வெள்ளைக் கிளி, குப்பைத் தொட்டியின் மூடியை அலகால் தூக்கித் திறக்கிறது. 2018க்கு முன் மூன்று பேட்டைகளில் மட்டும் இருந்த இந்தத் திருட்டு, 2019 கடைசிக்குள் 44 பேட்டைகளுக்குப் பரவிவிட்டது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதுதான். வீட்டுக்காரர்கள் மூடி மேல் செங்கல் வைத்தால், அதைத் தள்ளவும் சில கிளிகள் படித்துவிட்டன!

காக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? நீங்கள் சோறு வைக்கிற நேரம் அதற்குத் தெரியும். உங்கள் முகமும் தெரியும். அமெரிக்காவில் சியாட்டில் நகரில், ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து விட்டார்கள். அதற்கப்புறம் அந்த முகமூடி தெரிந்தாலே காக்கைகள் கூடிக் கத்தின. வருஷங்கள் போயும் மறக்கவில்லை. அந்த இனம் வேறு, நம் ஊர்க் காக்கை வேறு. ஆனாலும் அமாவாசைச் சோறு வைத்துப் பழகிய மாமிகளுக்கு இந்தச் செய்தியில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

குஞ்சுக்கு என்ன கொடுப்பது?

இப்போது அந்த மாமியாரின் கேள்விக்கு வருவோம். புறா தங்கியது. குருவி ஏன் போயிற்று?

சிட்டுக்குருவிக்கு அடைக்கலங்குருவி என்றும் பெயர். மனிதன் பயிர் செய்து வீடு கட்டிய நாளிலிருந்து அவனோடு ஒண்டிக்கொண்டு வாழும் பறவை. ஓட்டு வீட்டின் இடுக்கு, வெண்டிலேட்டர், சுவரில் மாட்டிய போட்டோவின் பின்புறம், மீட்டர் பெட்டி என்று கிடைத்த இடத்தில் கூடு கட்டும். ஓடு போய் கான்கிரீட் வந்தது. இடுக்கு எல்லாம் அடைபட்டது. முறம் பரணுக்குப் போயிற்று. சிந்துகிற நொய்யும் நின்றது.

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. வயது வந்த குருவி நம் அரிசியைத் தின்று காலம் தள்ளிவிடும். குஞ்சால் முடியாது. கைக்குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்ட முடியுமா? அந்த மாதிரிதான். பொரிந்த புதிதில் குருவிக் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஆகாரம். அசுவினி, பச்சைப்புழு, சின்ன வண்டு என்று தாயும் தகப்பனும் மாறிமாறிக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். வாசலெல்லாம் சிமெண்டு, செடிக்கெல்லாம் பூச்சிமருந்து என்றால் புழுவுக்கு எங்கே போகும்? இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் நடந்த ஆராய்ச்சி 2008ல் வெளிவந்தது. பூச்சி போதாத இடங்களில் குருவிக் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் செத்தன, பிழைத்தவையும் எடை குறைந்து வெளியேறின என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

புறாவைப் பாருங்கள். அதற்குப் பூச்சி தேடும் கவலையே இல்லை! தாய்ப்புறாவும் சரி, தகப்பன் புறாவும் சரி, தின்ற தானியத்திலிருந்தே தொண்டைப் பையில் பால் போல ஒன்றைச் சுரந்து குஞ்சுக்குக் கொடுக்கும். ஆக, தானியம் கிடைக்கும் வரை வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கலாம். போதாததற்கு, புறாவின் பூர்வீகம் மலைப்பாறை. நம் அடுக்குமாடி வீடு அதன் கண்ணுக்கு நல்ல செங்குத்துப் பாறையாகத் தெரிகிறது. காக்கைக்கும் கவலை இல்லை. இறைச்சித் துண்டு, எலி, மீன் தலை எதுவும் அதன் குஞ்சுக்கு ஆகும்.

பட்டணத்தில் யார் இருப்பது, யார் போவது என்பதைத் தீர்மானிப்பதில் குஞ்சின் ஆகாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

"செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றுவிட்டது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது நிரூபணமாகவில்லை. குருவியே அழிந்துவிட்டது என்பதும் சரியில்லை. நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்களின் குறிப்புகளைத் திரட்டி 2020ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நாட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டால், 25 வருஷங்களுக்கு மேலாகச் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது. சென்னை, பெங்களூர், ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய ஆறு பெருநகரங்களில்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

அப்படியானால் விழுப்புரமும் திண்டிவனமும் எந்தப் பக்கம்? இன்னும் ஓட்டு வீடுகள் இருக்கின்றன. காலி மனையில் புல்லும் புதரும் இருக்கின்றன. பத்து மைலில் வயல் இருக்கிறது. இந்த ஊர்களில் குருவி போவதா, இருப்பதா என்ற முடிவு இப்போதுதான் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை வீட்டுப் பக்கத்தில் எழுதுகிறேன்.

புறா விஷயத்தில் ஜாக்கிரதை

பறவை மேல் பிரியம் வைக்கச் சொல்கிற அதே வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டின் பால்கனியில் புறாக் கூட்டம் அடைவது நல்லதல்ல. காய்ந்த எச்சத்தின் தூளும், இறகுத் தூசியும் மூச்சோடு உள்ளே போனால் சிலருடைய நுரையீரல் ஒவ்வாமையால் வீங்கும். நாள்பட்டால் தழும்பே விழும்.

இந்தியாவின் பல நகர ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, இப்படி நுரையீரல் திசு கெட்ட நோயாளிகள் 1,084 பேரைப் பதிவு செய்த விவரம் 2017ல் வெளிவந்தது. அவர்களில் 47.3 சதவிகிதம் பேருக்கு, மூச்சோடு போகும் தூசுக்கு ஏற்பட்ட ஒவ்வாமைதான் வியாதி. காரணங்களில் ஏர் கூலர் முன்னால் நின்றது. பறவைத் தூசியும் பட்டியலில் இருந்தது. மும்பையில் 2025ல் புறாக்களுக்குத் தானியம் போடும் இடங்களை மாநகராட்சி மூட முற்பட்டு, பெரிய சச்சரவே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பிறகு வழித்துக் கழுவுங்கள். பால்கனிக்கு வலை கட்டுவது நல்லது. தானியத்தைக் குவியலாகக் கொட்டுவதை நிறுத்தினாலே பாதிக் கூட்டம் கலைந்துவிடும். வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு என்று வாரக்கணக்கில் யாருக்காவது இருந்தால், டாக்டரிடம் போகும்போது, "வீட்டில் புறா அடைகிறது" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்காமல் போகலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. செடி வையுங்கள், மருந்து அடிக்காதீர்கள். கறிவேப்பிலை, செம்பருத்தி, மருதாணி தொட்டியில்கூட வரும். கறிவேப்பிலையில் பச்சைப்புழு இருந்தால் பதறாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. ஒரு கொத்தை அதற்கும் குருவிக்கும் விட்டுக்கொடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கிளையை மட்டும் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

2. தானியம் ஒரு கைப்பிடி போதும். நொய், கம்பு, தினை நல்லது. முறுக்கு, மிக்ஸர், உப்புப் போட்ட சோறு, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம்.

3. தண்ணீர் வையுங்கள். ஒரு அங்குல ஆழமுள்ள மண் தட்டு போதும். தினமும் கொட்டிவிட்டு, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் அது போகாது.

4. இடுக்கு போனதால் ஒரு பெட்டி மாட்டுங்கள். மரப்பெட்டியில் 32 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அதற்குள் குருவி நுழையும். மைனா நுழையாது. ஏழெட்டு அடி உயரத்தில், வெயில் நேராகப் படாத, பூனை எட்டாத இடமாக இருக்கட்டும். சுழலும் மின்விசிறிக்குப் பக்கத்தில் கூடாது. தொட்டிலுக்கு நேர் மேலேயும் வேண்டாம், கூட்டிலிருந்து உண்ணி உதிரும். குஞ்சுகள் பறந்த பிறகு பெட்டியைச் சுத்தம் செய்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

5. படுக்கப் போகும்போது பால்கனி விளக்கை அணையுங்கள். மின்சாரக் கட்டணமும் மிச்சம்.

6. இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள். பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை பயம் இருந்தால் அருகிலுள்ள கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். "மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது" என்பது வெறும் பேச்சு.

இவ்வளவும் செய்தாலும் எல்லாப் பறவையும் பால்கனிக்கு வந்துவிடாது. பனை உழவாரனுக்குப் பனைதான் வேண்டும். தூக்கணாங்குருவிக்குப் பனையோ ஈச்சையோ, பக்கத்தில் நாணலும் நெல்வயலும் வேண்டும். குளிர்காலத்தில் வடக்கே வெகுதூரத்திலிருந்து வரும் நீர்ப்பறவைகளுக்குச் சதுப்பு நிலம் வேண்டும். திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் பக்கம் உள்ள கழுவேலி ஏரியை 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024ல் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டணத்தோடு ஒத்துப்போகத் தெரியாதவர்களுக்கும் ஒரு வீடு இருக்கத்தானே வேண்டும்!

ஒரு ஊரே இருட்டில் இருந்தது

கடைசியாக ஒரு சேதி. சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஒரு கிராமம். 2020ல் அங்கே தெருவிளக்குகளுக்கான ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் பறவைக்கு ஆபத்து. போடாவிட்டால் தெரு இருட்டு. சிலர் முதலில் தயங்கினார்களாம். நியாயம்தானே? ராத்திரியில் பாம்பு பல்லி பயம் இல்லாத கிராமம் உண்டா? ஆனாலும் பேசி முடிவெடுத்து, குஞ்சுகள் பறக்கிற வரை, ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கு இல்லாமலே இருந்தார்கள்.

காட்டு மரம் போய் ஸ்விட்ச் பெட்டி வந்தபோது அந்தப் பறவை தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. பதிலுக்கு ஒரு மாதம் அந்த ஊர் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. பறவைகள் நமக்காக எவ்வளவோ மாறிவிட்டன. நாம் ஒரு மாதம் மாறினால் குறைந்தா போய்விடுவோம்? சிட்டுக்குருவி அடைகாப்பதற்கும் குஞ்சு பறப்பதற்கும் சேர்த்து ஆகிற காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

லீவு நாளில் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து, காலையில் அரை மணி நேரம் மாடியில் உட்காரச் சொல்லுங்கள். என்ன பறவை வந்தது, எங்கே உட்கார்ந்தது, வாயில் என்ன கொண்டு போனது என்று எழுதட்டும். அலகில் புழுவோடு ஒரு குருவி பறந்தால் அதற்குத் தனியாக ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். எங்கோ பக்கத்தில் ஒரு கூடு இருக்கிறது, அதில் குஞ்சு பசியாறப் போகிறது என்று அர்த்தம்.